கெனாய் ஆற்றில் சால்மன்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

அலாஸ்காவின் கெனாய் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு சால்மன் மீன் பிடிப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: எப்போது போகலாம், அண்ணா?

ஜூலை கடைசி இரண்டு வாரம். சாக்கை (sockeye) என்ற சால்மன் வகை கடலிலிருந்து ஆற்றில் கூட்டமாக ஏறும் நேரம். இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும். தூங்கும்போது கண்ணை மூடிக்கட்ட ஒரு துணி வேண்டும். வெளியூர்க்காரர்களில் 16 வயது ஆன எல்லோருக்கும் மீன்பிடி உரிமம் கட்டாயம்.

கேள்வி: சாக்கை இரையைத் தொடாது என்கிறார்களே, அப்புறம் எப்படிச் சிக்கும்?

உண்மைதான். கடலில் தின்று கொழுத்துவிட்டு வரும் மீன், ஆற்றில் ஏறியதும் இரை எடுப்பதில்லை. ஆனால் மூச்சுக்காக வாயைத் திறந்து மூடிக்கொண்டே நீந்தும். தூண்டில் நரம்பு நீரோட்டத்தில் அடித்துப்போகும்போது அந்த வாய்க்குள் நுழையும், முள் கடைவாயில் மாட்டும். நரம்பில் கட்டிய ஈயக்குண்டு, ஆற்றின் அடியில் கிடக்கும் கல்லில் டக், டக் என்று தட்டிப்போவது கையில் தெரிய வேண்டும். தட்டல் நின்றதா? உடனே தூண்டிலைச் சுண்டுங்கள். வாய் தவிர வேறு இடத்தில் மாட்டினால் அப்போதே விட்டுவிட வேண்டும், அதுதான் சட்டம்.

கேள்வி: எவ்வளவு ஆழம் இறங்கணும் சார்?

முழங்கால் போதும். முதல் வருஷம் நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன், காலை முழுக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர், "மீன் உங்க முதுகுக்குப் பின்னால போகுது" என்றார். திரும்பிப் பார்த்தால் கரையோரம் சாம்பல் நிழல்கள் வரிசையாக! ஓட்டத்தின் வேகம் குறைந்த இடத்தில்தான் மீன் ஏறும்.

கேள்வி: கரடி வருமா?

வரும், அதற்கும் மீன்தானே வேண்டும். சாப்பாடு, பற்பசை எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், வண்டிக்குள் பூட்டுங்கள். கரடி விரட்டும் ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்குங்கள்.

கேள்வி: சால்மனிலேயே பெரிய வகையான கிங் சால்மன் கிடைக்குமா?

1985இல் 97 பவுண்டு 4 அவுன்ஸ் எடையில் உலக சாதனை மீன் கிடைத்த ஆறு இது. இப்போது கிங் வரத்து மிகவும் குறைந்துவிட்டது, அண்மை ஆண்டுகளில் பிடிக்கவே தடை. மனசு வலிக்கிறது. கிளம்பும் முன் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: கரையில் ஏன் கம்பி வலைத்தட்டு நடைபாதை?

கரைப்புல் நிழலில்தான் சால்மன் குஞ்சுகள் ஒதுங்கி வளரும். மிதித்தால் கரை சரிந்துவிடும். தட்டின் ஓட்டை வழியே வெயில் இறங்கிப் புல் வளரும். தயவுசெய்து அதன் மேலேயே நடங்கள்.