பிரமோஷன் வந்தது, தூக்கம் போனது

கேள்வி: எனக்கு வயது 38. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். பத்து வருடம் பட்டுப்புடவை கவுன்ட்டரில் சேல்ஸ். போன ஆடியில் ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சம்பளம் 2,500 ரூபாய் கூடியது, நிம்மதி போய்விட்டது. விற்பனை குறைந்தால் மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்கிறார். அந்தக் கோபத்தை நான் என் ஃப்ளோரில் வேலை பார்க்கும் பெண்கள் மேல் காட்டுகிறேன். போன வாரம் நான் திட்டியதால் ஒரு சின்னப் பெண் ஸ்டாக் ரூமில் போய் அழுதாள். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. வீட்டுக்காரரோ, "புடவை விக்கிறதுல என்ன டென்ஷன்?" என்கிறார். வேலையை விட்டுவிடலாமா? இல்லை, என் மனசுதான் சரியில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குரோம்பேட்டை.

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மனசுக்கு ஒன்றுமில்லை. இது தட்டிக்கொடுக்கச் சொல்கிற வார்த்தை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் 'பர்ன் அவுட்' என்பதைச் சேர்த்தபோது, அதை நோய் என்று எழுதவில்லை. வேலையிடத்து நெருக்கடி தீராமல் நீண்டுகொண்டே போவதால் வரும் நிலை என்றுதான் எழுதியது. அதற்கு மூன்று அடையாளம்: உடம்பில் சக்தியே இல்லாததுபோல் ஓர் அலுப்பு, வேலை மேலேயே ஒரு வெறுப்பு, முன்னைப்போல் நம்மால் முடியவில்லையே என்ற நினைப்பு. உங்கள் கடிதத்தில் மூன்றுமே ஏதோ ஒரு பக்கத்தில் எட்டிப் பார்க்கின்றன.

நான்கு பக்கக் கடிதம். அதில் நான் இரண்டு முறை படித்த இடம், நீங்கள் புகாரே சொல்லாத இடம். கவுன்ட்டரில் இருந்த காலத்தில் ஒரு பார்ட்டிக்கு எட்டாவது புடவைக்குள் அவர்கள் மனதில் இருப்பதை எடுத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு பத்தியில் மட்டும் உங்கள் கையெழுத்தே நிமிர்ந்து நிற்கிறது.

இரண்டு வருடம் முன்னால் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போயிருந்தேன். எதிரில் இருந்த பெண்மணிக்கு உங்கள் வயதுதான் இருக்கும். அண்ணி ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். அந்தப் பெண்மணி கோபப்படவில்லை, அவசரப்படவும் இல்லை. அடுக்கின் அடியிலிருந்து ஒரு அரக்குப் புடவையை உருவினார். உடலும் கரையும் சேருகிற இடத்தைத் திருப்பி, உள்பக்கம் அண்ணியின் விரலை எடுத்து வைத்தார். "கோர்வைம்மா. கரையைத் தனி நூல்ல நெய்து உடலோட கோத்திருக்காங்க, தடவிப் பாருங்க." அப்புறம் ஒரே வீச்சில் முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி பக்கம் திரும்பினார். ஐந்து நிமிடத்தில் பில் போட்டாகிவிட்டது. மடிப்பு கலையாமல் பெட்டியில் வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அது கஸ்டமருக்காகச் சிரித்தது மாதிரி இல்லை.

உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். வேலை தெரிந்தவரை வேலையிலிருந்து தூக்கி, வேலை வாங்குகிறவராக உட்கார வைப்பதற்குப் பெயர் பிரமோஷன். (உட்காரவும் விடவில்லை, அதற்கு வருகிறேன்.) நானும் ஓர் அலுவலகத்தில் கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கி, அதற்குப் பரிசாக ஹெட் கிளார்க் ஆகி, அதன்பிறகு ஆறு வருடம் லீவு ரிஜிஸ்டரில் கையெழுத்து மட்டும் போட்டவள். அந்த எரிச்சலை வீட்டுக்கு வந்து சாம்பாரில் காட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. டார்கெட்டுக்குப் பொறுப்பு உங்களுடையது. எந்தப் பெண்ணை எந்த கவுன்ட்டரில் நிறுத்துவது, யாருக்கு எப்போது சாப்பாட்டு நேரம், யாருக்கு லீவு, இவற்றை மேனேஜர் தீர்மானிக்கிறார். கடிதத்தில் இதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் ஆணிவேர் என்று தோன்றுகிறது. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-இலேயே எழுதினார்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை வாட்டுவதில்லை, அதிக வேலையோடு தன் இஷ்டப்படி செய்ய இடமில்லாமல் போவதுதான் வாட்டுகிறது. லண்டன் அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்விலும், தன் வேலையில் தன் பேச்சு எடுபடாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். தீபாவளி நேரத்தில் மூன்று வாரம் லீவே இல்லாமல் கவுன்ட்டரில் நின்று விற்ற வருடங்களில் நீங்கள் தூங்கித்தானே இருக்கிறீர்கள்? யோசித்துப் பாருங்கள்.

அதனால் கண்ணாடி முன்னால் நின்று சிரி, நல்லதையே நினை என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. மேனேஜரிடம் பேசுங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பட்டு செக்ஷன் கொஞ்சம் மூச்சு விடும். தை பிறந்துவிட்டால் யாருக்கும் யார் பேச்சும் காதில் விழாது. கூட்டம் ஏறாத காலை நேரத்தில், தனியாகப் போய்க் கேளுங்கள். இரண்டே விஷயம் போதும். பெண்களின் கவுன்ட்டர் மாற்றமும் சாப்பாட்டு நேரமும் என் கையில் இருக்கட்டும். தினம் ஒரு மணி நேரம் முகூர்த்தப் பட்டு கவுன்ட்டரில் நானே நிற்கிறேன், பெரிய பார்ட்டி வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். மனசு சரியில்லை, டென்ஷன் என்று ஆரம்பிக்காதீர்கள். விற்பனை ஏறும் என்று ஆரம்பியுங்கள், அது உண்மையும்கூட. எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம், கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்பதையும் அப்போதே மெதுவாகச் சேர்த்துவிடலாம்.

இப்போது உட்காருவது. காலை பத்திலிருந்து இரவு ஒன்பதரை வரை நின்றே இருப்பதாகவும், கெண்டைக்காலில் நரம்பு புடைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம் என்று எழுதியாகிவிட்டது. 1947-ஆம் வருடத்துச் சட்டம் அது, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்பதும் அதில்தான் இருக்கிறது. சட்டத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் சண்டைக்குப் போங்கள் என்று உங்களைத் தனியாகத் தள்ளிவிட மாட்டேன், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் நீங்கள். ஆனால் உங்கள் ஃப்ளோரில் நாலு ஸ்டூல் போட்டால், 'யார் போடச் சொன்னது' என்று கேட்கிறவருக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கிறது. முதலில் நீங்கள் உட்காருங்கள். சூப்பர்வைசர் உட்கார்ந்தால்தான் அந்தப் பெண்களுக்கு உட்காரத் தைரியம் வரும்.

மாம்பலத்தில் ரயில் ஏறியதுமே குரூப்பில் அன்றைய கணக்கு வந்துவிழுகிறது, குரோம்பேட்டை வரை அதையே பார்த்துக்கொண்டு வருகிறேன் என்கிறீர்கள். அந்த எண்ணைப் பார்த்து ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் ஒரு புடவையும் விற்கப்போவதில்லை. மறுநாள் காலை ரயிலில் பாருங்கள். திரும்புகிற வழியில் லேடீஸ் பெட்டியில் பூ கட்டிக்கொண்டு வருகிறவர்களோடு வம்பு பேசுங்கள். வம்புக்கு மருந்துக் குணம் உண்டு என்பது என் சொந்த அபிப்பிராயம், ஆராய்ச்சி எதுவும் கையில் இல்லை.

மூன்று மணி விழிப்பை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு டீ என்று எழுதியிருக்கிறீர்கள், நாலு மணிக்கு மேல் டீயை நிறுத்துங்கள். பக்கத்து டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றும் பார்த்துவிடுங்கள். உடம்பு அலுப்பை மனசின் மேல் பழிபோடுவது நம் வீடுகளில் சகஜம். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டாலோ, எதற்கும் பிரயோஜனமில்லை என்ற நினைப்பு வந்தாலோ, 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்காரர் விஷயம் சுலபம். உஸ்மான் ரோடு கடை வாசல்களில் பைகளைக் காவல் காத்தபடி படியில் உட்கார்ந்திருக்கும் ஆண்களை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அப்படி உட்கார வைக்காமல், மாடிக்கு வரச்சொல்லி ஒரு மணி நேரம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். பேச வேண்டிய அவசியமே இருக்காது.

வேலையை விடுவதா? இப்போது வேண்டாம். பொங்கல் முடிந்து ஒரு மாதம் பாருங்கள். கேட்ட இரண்டில் ஒன்றும் கிடைக்காவிட்டால், பழையபடி கவுன்ட்டருக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேளுங்கள். 2,500 ரூபாய் போகும். நாலு பேர் "இறக்கிவிட்டார்களா?" என்று கேட்பார்கள், நாலு நாள் கேட்பார்கள். அதற்கும் ஒப்பவில்லையென்றால் வேறு கடை பாருங்கள். எட்டாவது புடவைக்குள் முடிக்கிற ஆளை வேண்டாம் என்று சொல்கிற முதலாளி இந்த ஊரில் இல்லை.

அழுத அந்தப் பெண்ணிடம் இன்னும் பேசவில்லை, என்ன சொல்வதென்றே தெரியவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஊரை விட்டு வந்து கடை ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பத்தொன்பது வயதுப் பெண். செவ்வாய் உங்களுக்கு லீவு. புதன்கிழமை காலை கடை திறந்ததும், முந்தின நாள் பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்க அவளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நுனி, அவள் ஒரு நுனி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, கண் கரையில் இருக்கும். நாலாவது புடவையில் "அன்னிக்கு நான் கத்தியிருக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு, ஐந்தாவதை எடுங்கள்.