தெவிட்டிய கரைசலும் நிறமாலைமானியும்: ஆய்வகக் கேள்விகள்

கேள்வி: சாப்பாட்டு உப்பின் கரைதிறனை நிறமாலைமானியில் அளக்கலாமா?

முடியாது. உப்புக் கரைசலுக்கு நிறமில்லை. நிறமாலைமானி, கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவி. அதற்கு உப்புக் கரைசலும் தண்ணீரும் ஒன்றுதான். அளந்து எடுத்த கரைசலை வற்றவைத்து, மிஞ்சுவதை எடை போடுங்கள். நிறமாலைமானிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போல நிறமுள்ள உப்பு வேண்டும்.

கேள்வி: மயில்துத்தத் தெவிட்டிய கரைசலை (இதற்குமேல் உப்பு கரையாது என்ற நிலையில் உள்ளது) வைத்தால் உட்கவர்திறன் (கரைசல் ஒளியை விழுங்கும் அளவு) 3-ஐத் தாண்டுகிறது. கருவி பழுதா?

இல்லை. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வருகிறது. அவ்வளவு மங்கிய ஒளியை வைத்துச் செறிவு சொல்லக் கூடாது. 2 மில்லியை 50 மில்லியாக நீர்த்து, 810 நானோமீட்டரில் பாருங்கள், 0.6-ஐ ஒட்டி வரும். அளவீட்டு வரைபடத்தில் (செறிவு தெரிந்த கரைசல்களை அளந்து வரைந்தது) வரும் செறிவை 25-ஆல் பெருக்க மறக்காதீர்கள். அந்த 2 மில்லியில்தான் என் கவனமெல்லாம். பிப்பெட்டில் 0.1 மில்லி பிசகினால் விடை 5 சதவீதம் பிசகும். பிப்பெட்டின் வெளிப்புறத்தில் ஒட்டிய நீலத்துளியைத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: 20 டிகிரியில் லிட்டருக்கு 325 கிராம் வந்தது. புத்தகத்திலோ 100 கிராம் தண்ணீருக்கு 21 கிராம். எங்கே தவறினேன்?

எங்கேயும் தவறவில்லை, நல்ல விடை! நீங்கள் லிட்டருக்கு 1.3 மோல் என்ற செறிவை 249.7-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள், அது படிகத்துக்குள் இருக்கும் நீரோடு சேர்ந்த ஒரு மோலின் எடை. புத்தகம் சொல்வது நீரற்ற உப்பு. அதன் ஒரு மோல் எடையான 159.6-ஆல் பெருக்கினால் 207 கிராம். அந்த ஒரு லிட்டர் கரைசலின் எடை சுமார் 1,200 கிராம். உப்பைக் கழித்தால் தண்ணீர் 990 கிராம் அளவில் நிற்கும். 100 கிராமுக்கு 21 வந்துவிட்டதா? 10 மில்லி கரைசலை நீங்களே எடை போட்டுப் பாருங்கள், இந்தக் கணக்கு கையில் பிடிபடும். குறிப்பேட்டில் வெப்பநிலையையும் எழுதுங்கள். 30 டிகிரியில் இந்த எண் செல்லாது.

கேள்வி: வடிகட்டும்போது வடிதாளை நனைத்துக்கொள்ளலாமா?

இந்தச் சோதனையில் வேண்டாம். அந்த ஈரம் கரைசலை நீர்த்துவிடும். காய்ந்த தாள், காய்ந்த பீக்கர்.

கேள்வி: காப்பர் அயோடேட் கொஞ்சம்தான் கரைகிறது, நிறமே தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் வடிகட்டுங்கள், பிறகு அம்மோனியா சேருங்கள், கருநீலம் வரும். 600 நானோமீட்டரை ஒட்டி அளக்கலாம். வரிசையை மாற்றினால் அம்மோனியா அடியில் கிடக்கும் உப்பையும் கரைத்துவிடும். வரைபடத்துக்கான கரைசல்களிலும் அதே அளவு அம்மோனியா இருக்கட்டும்.