நாலு பேரும் சேர்ந்தே நகருங்கள்

கேள்வி: படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊரில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாங்கள் நாலு பேர், ஞாயிறு இரவுகளில் ‘லெஃப்ட் ஃபோர் டெட் 2’ என்ற வீடியோ கேம் ஆடுகிறோம். ஒருவன் எப்போதும் தனியாக முன்னால் ஓடி ஜாம்பிகளிடம் மாட்டிக்கொள்கிறான், அப்புறம் ஒரே சண்டை. என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: நல்ல விளையாட்டாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். 2009-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட இந்த விளையாட்டில் தனி வீரனுக்கு இடமே கிடையாது, ஹன்டர் என்ற சிறப்பு ஜாம்பி மேலே பாய்ந்து அமுக்கிவிட்டாலோ சார்ஜர் என்ற இன்னொன்று தூக்கிப்போய்த் தரையில் அடித்தாலோ கையில் எவ்வளவு பெரிய துப்பாக்கி இருந்தாலும் மாட்டியவர் தானாக எழ முடியாது, கூட்டாளி வந்துதான் காப்பாற்ற வேண்டும். இதை அந்த நண்பரிடம் சண்டைக்கு நடுவில் சொல்லாதீர்கள், ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்கள். வழியை மனப்பாடம் செய்தும் தப்பிக்க முடியாது. ஜாம்பிக் கூட்டத்தை எங்கே, எப்போது அவிழ்த்துவிடுவது என்று ‘டைரக்டர்’ என்ற நிரல் உங்கள் ஆட்டத்தைப் பார்த்து அவ்வப்போது முடிவுசெய்கிறது.

குறுகலான தாழ்வாரங்களில் முன்னால் இருப்பவர் குனிந்துகொள்ளட்டும், பின்னால் இருப்பவர்கள் அவர் தலைக்கு மேலே சுடலாம். மிகக் கடினமான எக்ஸ்பர்ட் நிலையில் நண்பன் சுட்ட குண்டும் உயிரை நன்றாகவே குறைக்கும் என்பதால், கொஞ்ச நாளைக்கு நார்மலிலேயே ஆடுங்கள்.

‘ஹார்ட் ரெயின்’ பகுதியை மட்டும் தவறவிடாதீர்கள். டீசல் வாங்கப் போய்விட்டு, போன வழியே கொட்டும் மழையில் திரும்பி வர வேண்டும், அதற்குள் வழியிலுள்ள கரும்பு ஆலையின் தரையெல்லாம் தண்ணீர் ஏறியிருக்கும், புயல் வலுத்தால் பக்கத்தில் வருவதுகூடத் தெரியாது. அந்த ஆலையில்தான் விட்ச் என்ற பெண் ஜாம்பிகள் அழுதுகொண்டு திரியும். டார்ச்சை அணையுங்கள், சுடாதீர்கள், சுற்றிப் போங்கள். அப்போது மைக்கில் நாலு பேரும் குரலைத் தாழ்த்தி, “இடது பக்கம் வா, மெதுவா” என்று கிசுகிசுப்பீர்கள் பாருங்கள், எனக்கு இந்த விளையாட்டிலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

கேள்வி: ஒருவர் வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவர் இடத்தில் கணினியே இயக்கும் ‘பாட்’ (bot) என்ற ஆட்டக்காரர் இறங்கிவிடும், அது விழுந்தவரைத் தூக்கிவிடும், சிகிச்சையும் செய்யும். ஆனால் ‘பைப் பாம்’ என்ற குழாய் வெடிகுண்டை எறியாது, ஆகவே அந்த வேலையை உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.