பாக்டீரியா சாயத்தைத் தின்னுமா?

கேள்வி: மச்சானின் சாயப்பட்டறைக்கு ஒருவர் பாக்டீரியா பவுடர் விற்க வந்தார். சாயத் தண்ணீர் ரெண்டு நாளில் தெளிந்ததைக் கண்ணெதிரே காட்டினார். இது நிஜமென்றால் திருப்பூரில் ஆர்.ஓ., ஆவியாக்கி என்று ஏன் இவ்வளவு செலவு?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: தெளிந்தது நிஜமாகவே இருக்கலாம். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை, இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருப்பதுதான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். அசோரிடக்டேஸ் என்ற நொதியுள்ள பாக்டீரியாவைக் காற்றுப்படாத தொட்டியில் விட்டு, கொஞ்சம் ஸ்டார்ச்சோ சர்க்கரையோ தீனி போட்டால் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும், நிறமும் போய்விடும். காற்று ஊதினால் இந்த வேலை படுத்துவிடும்.

சரி, வெட்டின துண்டுகள் எங்கே போகும்? தண்ணீரிலேயேதான் கிடக்கும். அரோமாட்டிக் அமீன்கள் என்று பெயர், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, சிலது புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. அதனால் அடுத்த தொட்டியில் காற்று ஊதி, வேறு நுண்ணுயிர்களைக் கொண்டு இவற்றைச் சிதைக்க வேண்டும், அதிலும் சல்போனேட் என்ற கந்தகத் தொகுதி ஏறிய சில அமீன்கள் லேசில் மசியாது. விற்க வருகிறவர்கள் முதல் தொட்டியோடு வீடியோவை நிறுத்திவிடுவதுதான் எனக்கு எரிச்சல். டர்க்காய்ஸ் நீலத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அது பெரும்பாலும் செம்பு தாலோசயனின் என்ற வேறு வகைச் சாயம், வெட்ட அசோ பிணைப்பே கிடையாது.

அப்புறம் உப்பு. துணியில் சாயம் ஏற, டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரைகூடக் கொட்டுகிறார்கள், அத்தனையும் கழிவோடு வெளியே வருகிறது, எந்த பாக்டீரியாவும் அதைத் தின்னாது. திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றில் 1992-ல் கட்டின ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனதில் நிறத்தைவிட இந்த உப்புக்குத்தான் பெரிய பங்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை இறுகியது, உப்பைச் சவ்வால் பிரிக்கும் ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்புநீரை வற்றவைக்கும் ஆவியாக்கியும் தவிர்க்க முடியாமல் போனது அதனால்தான். பாக்டீரியாவுக்கு வேலை அதற்கு முந்தைய கட்டத்தில்: கரிமக் கழிவைக் குறைத்தால் ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைக்காது.

மச்சானிடம் சொல்லுங்கள்: தெளிந்த தண்ணீரின் சி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவுகோல்), டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் அளவு), அமீன் மூன்றுக்கும் லேப் ரிப்போர்ட் கேட்கட்டும், அதுவும் அவர் பட்டறைக் கழிவிலேயே சோதித்ததாக இருக்கட்டும், வந்த பிறகு விலை பேசலாம்.