மறு: மேலாளரை நீக்கினால்தான் ஆடுவோம் என்கிறார்கள், கமிட்டியில் நான் புதுசு

வணக்கம். அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்து ஆடும் உங்கள் கிளப்பில், அணியைப் பயிற்றுவித்து நடத்தும் மேலாளர் போனால்தான் வீரர்கள் களம் இறங்குவோம் என்கிறார்கள், செயலாளரோ வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டு அவரை அனுப்பிவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த வரியைப் போட விடாதீர்கள்.

அயர்லாந்தில் இந்தச் சண்டை புதிதல்ல. 2007 கடைசியில் கார்க் கவுண்ட்டியில் (மாவட்டம் மாதிரி) இந்த ஆட்டங்களை நடத்தும் வாரியம், தேர்வாளர்களை, அதாவது அணியைத் தேர்ந்தெடுக்க உதவும் துணை ஆட்களை, மேலாளரே நியமிக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் கால்பந்து அணிக்குப் புதிதாக வந்த மேலாளர் டெடி ஹாலண்ட். விதியை மாற்றியது வாரியம், 2008 பிப்ரவரியில் பதவி போனது இவருக்கு! 2015இல் மேயோ கவுண்ட்டியிலும் வீரர்கள் நம்பிக்கையில்லை என்று வாக்களிக்க, சேர்ந்து பொறுப்பில் இருந்த இரண்டு மேலாளர்களும் ஒரே சீசனோடு விலகினார்கள்.

உங்கள் மேலாளரும் சம்பளம் வாங்காதவர்தானே? மழையில் நின்று பயிற்சிக்கான கூம்புகளை அடுக்கிய ஆள், நாளைக்கே கடையில் எதிரில் வருவார். தலைவரும் இன்னொருவரும் நேரில் போய் வீரர்களின் குறையைச் சொல்லுங்கள், அவர் பக்கத்தையும் கேளுங்கள். அப்புறம் கமிட்டியைக் கூட்டி முடிவெடுத்து மினிட்ஸில் ஏற்றுங்கள். அறிக்கை விடுவதானால் வாசகத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, வாட்ஸாப் குழுவிலிருந்து அவரை நீங்களாக நீக்க வேண்டாம். எங்கள் கிளப்பில் கசப்பு ஆரம்பித்ததே அங்கேதான்.