அம்மாவின் 20 லட்சத்தை மனையில் போடலாமா?

அப்பா வேலையில் இருக்கும்போதே காலமாகி, 62 வயது அம்மா கையில் 20 லட்சம் வந்திருக்கிறது, மாமா மனை வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மனை வேண்டாங்க. அம்மாவுக்கு மளிகைக்கும் மருந்துக்கும் மாதாமாதம் காசு வேண்டும், மனை அதைத் தராது.

15 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பேரிலேயே போடுங்கள். வட்டி 8.2 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். மீதி 5 லட்சம் வங்கியில் சின்னச் சின்ன வைப்புகளாக இருக்கட்டும். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்றவை தப்பும்.

அப்புறம், அப்பாவுக்கு பி.எஃப். இருந்ததா? மொத்தத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். 10டி படிவம் கொடுத்தால் அம்மாவுக்கு மாத ஓய்வூதியமும் உண்டு. எங்கள் வீட்டில் இது தெரியவே இரண்டு வருஷம் ஆனது.