ஜப்பானிய ஆழ்தொட்டியை வீட்டில் கட்டும்போது அது ஏன் ஆழமாக இருக்க வேண்டும்?

ஜப்பானியர் ‘ஒஃபுரோ’ என்று அழைப்பது, படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, தோள்வரை வெந்நீரில் அமிழ்ந்திருக்கும் நீளம் குறைந்த, ஆழமான தொட்டியாகும். திருகோணமலையில் இதை வீட்டிலேயே கட்டலாமா என்று கேட்போருக்கு, கிணற்றடித் தொட்டி கட்டத் தெரிந்த மேசனாரால் சீமெந்திலேயே கட்ட முடியும் என்பதே என் பதில்.

ஆழத்துக்குக் காரணம் சூடு. நீர் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து ஆவியாகியே ஆறுகிறது. ஆகவே அதே அளவு நீரை அகலத்தில் பரப்பாமல் ஆழத்தில் நிறுத்தி, மேலே பலகை மூடியும் இட்டால், 40 பாகை செல்சியஸ் அளவிலான சூடு நெடுநேரம் நிற்கும். தட்டில் ஊற்றிய தேநீர் உடனே ஆறுவதையும் குவளைத் தேநீர் ஆறத் தாமதிப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது எடைதான். உள்ளளவு 1 மீற்றர் நீளம், 70 சென்ரிமீற்றர் அகலம், நீர்மட்டம் 60 சென்ரிமீற்றர் என்றால் 420 லீற்றர், அதாவது 420 கிலோ. தொட்டியின் எடையும் ஆளின் எடையும் வேறு. பொறியியலாளரைக் கேட்காமல் மேல்மாடியில் வைக்க வேண்டாம். பூச்சு நன்கு இறுகியபின், ஓடு பதிக்குமுன், நீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பாருங்கள். நீரை வெளியே சூடாக்கி ஊற்றுங்கள். ஆள் உள்ளே இருக்கையில் மின்சூடாக்கியை அமிழ்த்துவது உயிராபத்து.

இது சவர்க்காரம் போட்டுக் குளிக்கும் தொட்டி என்று பலர் எண்ணுகின்றனர்; உண்மையில், கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செய்வதுபோல் தொட்டிக்கு வெளியே நீரை அள்ளி ஊற்றி உடலைக் கழுவிய பின்னரே இதில் இறங்குவர், அதனால்தான் ஒரே நீரைக் குடும்பத்தார் அனைவரும் பயன்படுத்துகின்றனர்.